மார்கரெட் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்து, அதன் கீழே மிகச் சரி, பிரமாதம் என்று ஆங்கிலத்தில் வந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இந்த வயதில் செல்போன் மெச்சிக்கொண்டதற்கெல்லாம் முகம் மலர்கிறவள் ஈரோட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேள்வி இதுதான்: மார்கரெட் ஏன் தண்ணீர் குடிக்க மறுக்கிறார்? மார்கரெட் என்பது பாடத்தில் வரும் வெள்ளைக்காரப் பாட்டியம்மாள், பூப்போட்ட கோப்பையைக் கொடுக்கக் கொடுக்கத் தள்ளி வைத்துக்கொண்டே இருப்பார். கீழே நான்கு விடைகள். தாகம் இல்லை, தண்ணீரின் ருசி பிடிக்கவில்லை, பிடிவாதம், கழிப்பறைக்குப் போக இன்னொருவர் உதவியைக் கேட்க வெட்கம். நான்காவதைத் தொட்டேன். யோசித்துத் தொடவில்லை, விரல் தானாகப் போய் அங்கே நின்றது, அதுதான் இப்போது உறுத்துகிறது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டு, அகராதியில் வார்த்தை பார்த்து, தப்பாகத் தொட்டுச் சிவப்பு வாங்கி, அப்புறம்தான் பச்சைக்கு வந்து சேருவேன். இதற்கு மட்டும் எனக்கு எப்படித் தெரிந்தது? பாடத்தில் அதை இன்னும் சொல்லக்கூட இல்லை, விளக்கம் அடுத்த பகுதியில் என்று போட்டிருக்கிறது. உள் அறையில் மாமா இருமினார். ஒரே ஒரு இருமல், அப்புறம் சத்தமில்லை, இருமலைக்கூட யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிற மனிதர். மாமா என்றால் என் மாமனார், நாச்சிமுத்து, எண்பதைத் தாண்டியவர், பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகி, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதியோரை மரியாதையோடு பராமரிப்பது எப்படி என்று படித்துக்கொண்டிருக்கிறேன்.

யாழினிதான் இதை அனுப்பி வைத்தாள், பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள், ஏம்மா மத்தியானம் பூரா சீரியல் பாக்கறதுக்கு இதப் படிக்கலாமல்ல, ஃப்ரீதான், காசு ஒண்ணும் இல்ல என்று. ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், சமூகம், உடல்நலம், பராமரிப்பு என்று வரிசையாகப் பாடங்கள், எந்த ஊரிலிருந்து யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தபடி படிக்கலாம். நான் அந்தக் காலத்து பி.ஏ. ஹிஸ்டரி, தமிழ் மீடியம், தத்தித் தத்தித்தான் போகிறேன், இருந்தாலும் முதல் பாடத்தை முடித்தபோது என் வீட்டுக்காரர் அதைச் சொந்தபந்தங்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட, எல்லாரும் கைதட்டுகிற பொம்மையாக அனுப்பித் தள்ளிவிட்டார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கட்டம் வரும், உங்கள் ஊரில் எப்படி, மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள் என்று. போன வாரம் அதில் நானும் எழுதினேன். எங்கள் தமிழ்ப் பண்பாட்டில் பெரியவர்களை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப மாட்டோம், வீட்டில் வைத்து தெய்வம் மாதிரிப் பார்த்துக்கொள்வோம், என் மாமனாரை இப்போது நான்தான் கவனித்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதால் அது பொய் மாதிரியே தெரியவில்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் இதயக் குறி போட்டார்கள். அபேனா என்று ஒருத்தி, கானா தேசத்துக்காரி, லண்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். படிக்கவே நன்றாக இருக்கிறது சகோதரி, பகலில் அவருக்கு மலஜலத்துக்கு உதவுவது யார், நீங்களா? அதில் கேலி ஒன்றும் இல்லை. சமையல்காரி இன்னொரு சமையல்காரியிடம் உப்பு எப்போது போடுவாய் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டிருக்கிறாள். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. தினம் திறந்து பார்க்கிறேன், யாராவது வேறு பேச்சை எடுத்து அதை மேலே தள்ளிவிட்டிருப்பார்களா என்று பார்க்கிறேன், அது அப்படியே நிற்கிறது. பகலில் யார்?

பகலில் யாரும் இல்லை, அபேனா. ஏஜென்சியிலிருந்து ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான், அவன் வேறு பெரிய இடம் கிடைத்துப் போய்விட்டான், அடுத்த ஆளை அனுப்புகிறோம் அனுப்புகிறோம் என்கிறார்கள். அதுவரைக்கும் சமாளிச்சுக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர் தனசேகர். "காலையில மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி நான் எல்லாம் பாத்து உட்டர்றேன். சாயந்தரம் வந்து பாத்துக்கறேன். நடுவுல ஒண்ணுன்னா யூரின் பாட்டிலு கட்டலுக்கு அடியில இருக்குது, அப்பாவே எடுத்துக்குவாரு." நாங்கள் மூன்று பேரும் அப்போது அந்த அறையில் இருந்தோம். மூன்று பேரும் தலையாட்டினோம். இடுப்பைத் திருப்ப முடியாதவர், வலது கையில் கட்டுப் போட்டவர், குனிந்து கட்டிலுக்கு அடியில் இருப்பதை எடுத்துக்கொள்வார் என்று ஒரு குடும்பமே ஒத்துக்கொண்டது. இதை மார்கரெட்டின் ஊரில் கேள்வியாகப் போட்டால் யாருக்கும் பச்சை விழாது. டயப்பர் வாங்கி வந்தோம், அவர் இடது கையாலேயே பிய்த்துப் போட்டுவிட்டு, கொளந்தைப் புள்ளையா நானு என்று மகனைக் கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சாயந்திரம் அவர் மகன் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். அப்போது நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அது மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே நடக்கிற சத்தம் என் காதில் விழக் கூடாது, விழுந்தாலும் விழவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதுதான் ஒரு மருமகள் செய்யக்கூடிய உபகாரம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் முன்னால் உட்கார மாட்டாள். இப்போது யாரும் சொல்வதில்லை, சொல்லாமலே நடக்கிறது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் அத்தையிடம்தான் சொல்வேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அத்தே, மாமாவ சாப்பட வரச் சொல்லுங்க என்பேன், அத்தை திரும்பி அதையே இன்னொரு தடவை சொல்லும். அவரும் அப்படித்தான், அம்மிணிகிட்ட மோர் கேளு என்பார், மோர் சட்டி என் கையில்தான் இருக்கும். அத்தை போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப் போகிறது. அதற்கப்புறம் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று நாலு வார்த்தைதான் மிச்சம், சோறு, காப்பி, வேண்டாம், போதும். கோபம் ஒன்றும் கிடையாது. நல்ல மனிதர், என்னை ஒரு சொல் சொன்னதில்லை, யாழினி பிறந்தபோது பெண்ணா என்று ஒருத்தி மூக்கைச் சுளித்ததற்கு அவளை வாசலோடு அனுப்பினவர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, நீங்க மகளா, இந்தத் துணியக் கொஞ்சம் புடிச்சுக்கங்க என்று இடுப்புப் போர்வையை விலக்கினபோது நான் அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சுவரில் மருந்துக் கம்பெனி காலண்டர் தொங்கியது, அதில் ஒரு நுரையீரல் படம், அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அது எம்பட மருமவளுங்க. அதை வெளிய போகச் சொல்லீருங்க" என்று அவர்தான் சொன்னார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்றினார். நான் நன்றியோடு வெளியே ஓடினேன், காரிடாரில் நின்று ஒரு டீகூடக் குடித்தேன். மார்கரெட்டுக்கு ஒரு பெண் துணி மாற்றுகிற வீடியோவைப் பாடத்தில் பார்த்தேனே, மேலே ஒரு டவலைப் போட்டுக்கொண்டு, கீழே மட்டும் விலக்கி, ஒவ்வொன்றையும் முதலில் சொல்லிவிட்டு, சம்மதம் கேட்டுவிட்டு, எவ்வளவு அழகாகச் செய்கிறாள் என்று நினைத்தேன். அழகுதான். அவள் மார்கரெட்டின் மருமகள் இல்லை, அவளுக்கென்ன.

இருந்தாலும் நான் தண்ணீர் கொடுக்காமல் இருந்ததில்லை, அதை யாரும் சொல்ல முடியாது. இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூலில் தம்ளர் வைக்கிறேன், மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போகும்போது அது நிறைந்தபடியே இருக்கும், எடுத்துக்கொண்டு போய்த் துளசிக்கு ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் வைப்பேன், சாயந்திரம் அதையும் துளசிக்கு ஊற்றுவேன். துளசி நன்றாகத் தழைத்திருக்கிறது. காப்பி கொண்டுபோனால் வேண்டாம் என்று விரலைக் காட்டுவார். மோருக்கும் அதே விரல். ரசம் ஊற்றினால் சோற்றை ஒதுக்கிக் கெட்டியாக இருப்பதை மட்டும் சாப்பிடுவார். போனில் என் அக்காவிடம் சொன்னேன், எங்க மாமா ஒரு தொந்தரவும் இல்லக்கா, இருக்கற எடம் தெரியாது, அப்படி ஒரு மனுசன் என்று. பெருமையாகச் சொன்னேன். கதவு திறந்துதான் இருந்தது, அவருக்கும் கேட்டிருக்கும். கேட்டிருக்கும், அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் குறைத்திருப்பார். ஐயோ, இதை இப்போதுதானா நினைக்கிறேன். இல்லை, இப்போது இல்லை, விரல் முன்னாடியே போய் நான்காவதைத் தொட்டுவிட்டதே, எனக்குள்ளே யாரோ ஒருத்திக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அவளை நான்தான் வாயைத் திறக்க விடவில்லை. அடுத்த பகுதியைத் தொட்டேன். வெளிர்நீல ஸ்வெட்டர் போட்ட அந்தப் பெண்மணி நிதானமாகச் சொல்கிறாள், வயதானவர்கள் போதுமான தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரில் தொற்று வரலாம், திடீரென்று மனம் குழம்பிப் பேசலாம், இடம் பொழுது தெரியாமல் போகலாம், அதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீடியோவை நிறுத்தினேன். இன்று மத்தியானம் தட்டை வைத்தபோது அவர் என்னைப் பார்த்து, ராமாத்தா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனயா என்றார். ராமாத்தாள் என் அத்தை. இந்த வீட்டில் நான் வந்த பிறகு மாடே கிடையாது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன், வந்து பாத்திரம் கழுவினேன், போனை எடுத்து உட்கார்ந்தேன். ஸ்வெட்டர்க்காரி வாயைப் பாதி திறந்தபடி நிற்கிறாள்.

வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே அவர் கத்தினார்.

"என்ன புள்ள?"

"ஏனுங்க, மாமா என்னமோ மாதிரிப் பேசறாருங்க. அத்தைன்னு நெனச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுனயாங்கறாரு."

"தூக்கத்துல உளறியிருப்பாரு."

"அவரு தண்ணியே குடிக்கறதில்லைங்க. நீங்க போனா நீங்க வர்ற வரைக்கும் ஒரு வாய்கூட இல்ல. யாரைக் கூப்படறதுன்னுதானுங்க குடிக்கறதில்ல."

தறிச் சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டார் போல. அப்புறம் மெதுவாக, "எனக்குந் தெரியும் கோகிலா" என்றார். "சாயந்தரம் போனா முடியவே முடியாது அவுருக்கு. அப்படி அடக்கி வெச்சிருப்பாரு. என்ன பண்றது, ஆளு கெடைக்க மாட்டீங்குதே."

"டாக்டரக் கூட்டிட்டு வாங்க."

"சரி, கூட்டிட்டே வர்றேன். நீ உள்ள போயிக் கீது நிக்காத. அப்பா சங்கடப்படுவாரு."

வைத்துவிட்டார். அவருக்கும் தெரியும். அப்படியென்றால் எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும் என்பது மாமாவுக்கும் தெரிந்திருக்கும், மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் கௌரவமாகக் காப்பாற்றிக்கொண்டு ஒரு கிழவரைத் தாகத்தில் போட்டு வைத்திருக்கிறோம். நீ உள்ளே போகாதே என்று சொன்னதும் எனக்கு வந்தது என்ன தெரியுமா, நிம்மதி. கட்டின புருஷனே சொல்லிவிட்டார், இனி நான் போகாவிட்டால் குற்றம் இல்லை, பாடத்தில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது, அதை முடித்தால் அவர் வந்துவிடுவார். இப்படி ஒரு ஜென்மம். அறைக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. மார்கழிக் குளிரில் ஃபேன். காலையில் நான் கூட்டப் போனபோது, அம்மிணி, ஃபேனை வேகமா வெச்சு உட்டுட்டுப் போ என்றார், அவராக என்னிடம் ஒன்று கேட்டாரே என்று மகிழ்ந்துபோய் முழு வேகத்தில் வைத்துவிட்டு வந்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தார். குளிருகிறவர் எதற்கு ஃபேன் கேட்கிறார் என்று யோசிக்க எனக்கு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வேண்டியிருந்திருக்கிறது. கதவருகிலேயே வாடை தெரிந்தது, காலையிலிருந்தே தெரிந்துகொண்டுதான் இருந்தது, சாக்கடை அடைத்திருக்கும் என்று பினாயில் ஊற்றினேன். காலையிலிருந்து ஈரத்தில் படுத்திருக்கிறார். மகன் வருவதற்குள் உலர்ந்துவிட வேண்டும் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். உங்களுக்கு நான் உதவலாமா என்று முதலில் கேளுங்கள் என்கிறது பாடம். அதை எங்கள் வீட்டுப் பேச்சில் எப்படிச் சொல்வது? மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் நடுவில் மூத்திரம் என்ற அந்த ஒரு வார்த்தையில் வந்து இடறி விழுகிறது. கூட இருந்து அதைச் சொல்ல அத்தையும் இல்லை. கால் அங்கேயே நின்றது, கை மட்டும் கதவைத் தள்ளியது.

கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை, இமை துடித்தது. உதட்டில் வெள்ளையாகப் பொருக்கு. ஃபேனை நிறுத்தினேன், சத்தம் நின்றதும் அறை ரொம்பச் சின்னதாகிவிட்டது. "மாமா" என்றேன். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "துணி மாத்தோணும் மாமா." கண்ணைத் திறக்கவில்லை. "தனசேகரு வந்தரட்டும் அம்மிணி" என்றார். அம்மிணி என்றார், ராமாத்தா என்று சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் உயிர் வந்தது எனக்கு. அவுங்க டாக்டரக் கூட்டிட்டு வர நேரமாகும் மாமா என்றேன். "நீ போ கண்ணு. அது காஞ்சுரும்." நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன், இதில் ஒன்றும் இல்லை, நீங்க எனக்கு அப்பா மாதிரி, ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்வதுதானே என்று. எல்லாமே அவர் வெட்கத்தை மட்டும் தள்ளிவிட்டு என்னுடையதை மறைத்துக்கொள்கிற பேச்சு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முன்னால் உட்கார்ந்ததும் உடம்பு கூசிற்று. "எனக்கும் வெக்கமாத்தான் இருக்குது மாமா" என்றேன். அவர் கண்ணோரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. "செரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெந்நீர் கொண்டுவந்தேன், மேலே துண்டைப் போட்டேன், இப்ப வேட்டிய எடுக்கறேன் மாமா, இப்பத் தொடைக்கறேன் மாமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு செய்தேன், அந்த ஸ்வெட்டர்க்காரிக்குப் புண்ணியமாகப் போகட்டும். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மூடவில்லை. எதைப் பார்க்கக் கூடாது என்று இத்தனை வருஷம் சுவரைப் பார்த்தேனோ அது சும்மா ஒரு கிழ உடம்பு, யாழினியைக் குளிப்பாட்டினபோது பார்த்ததை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. தொடையின் அடியில் தோல் வெந்து சிவந்து ஓரிடத்தில் உரிந்திருந்தது. இது ஒரு நாளில் வருவதில்லை, இதற்கு முன்னாலும் நனைந்து காய்ந்திருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் வெட்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது, துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அந்த இடத்தில் மெல்ல ஒற்றினேன். "எரியுதுங்களா மாமா?" என்றேன். "கொஞ்சம்" என்றார். பாட்டிலைப் பிடித்தேன். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை, நான் இருப்பதால்தான் என்று தெரிந்தும் நகராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், அப்புறம் கொஞ்சமாக, டிக்காஷன் நிறத்தில் வந்தது. கொண்டுபோய் ஓரமாக வைத்தேன், டாக்டர் பார்க்க வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு சொம்பு நிறையத் தண்ணீரும் தம்ளருமாக வந்து, கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். முதல் தம்ளரை மூச்சு விடாமல் குடித்தார், தாடையெல்லாம் ஒழுகியது. ரெண்டாவதையும் குடித்தார். வாயைத் துடைத்துவிட்டுத் தலையைத் தலையணையில் வைத்தேன். அவர் சொம்பையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், வழிப்போக்கர் யாரோ வீட்டு வாசலில் நின்று கேட்கிற மாதிரி, "இன்னுங் கொஞ்சம் கெடைக்குமா அம்மிணி?" என்று கேட்டார்.